நாலு கிலோவுக்குள் ஒரு கூடாரம்

நான் மரக்கறி நிறுப்பவன். பாரிசில், லா சப்பலில் ஒரு கடை. பத்தொன்பது வருடமாக அங்கேதான் வேலை. விடியப்புறம் ஒபர்வில்லியேயில் உள்ள கடையின் களஞ்சியத்தில் மூட்டை இறக்குவேன். பத்து மணிக்குப் பிறகு கடையில் தராசுக்குப் பின்னால் நிற்பேன். எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றது. எழுதிப் பழக்கமில்லை. ஆனால் ஒரு கூடாரம் வாங்கிய கதை மண்டைக்குள் சுற்றிக்கொண்டே இருக்கிறது. எழுதினால் நிற்கும் என்று நினைக்கிறேன்.

சனிக்கிழமைகளில் ஒரு பாண்டிச்சேரிக்காரர் கடைக்கு வருவார். மனைவியோடு ஆர்ஜொந்தெயிலிருந்து ரயிலில் வருவார். பிரெஞ்சு அரசாங்க வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். அறுபத்தெட்டு வயது. முருங்கைக்காயை ஒவ்வொன்றாக முறுக்கிப் பார்த்துத்தான் எடுப்பார். என்னைத் தம்பி என்பார். எனக்கு ஐம்பத்தாறு. நான் அவரை அண்ணை என்பேன். பத்து வருடமாக எங்கள் பேச்சு முருங்கைக்காயைத் தாண்டியதில்லை.

போன வருடம் மே மாதம் ஒரு சனிக்கிழமை அவர் முருங்கைக்காய்ப் பக்கம் போகவில்லை. நேரே தராசடிக்கு வந்தார்.

"தம்பி, தேர்த் திருவிழா அன்னைக்கு மழை கொட்டுச்சே, ஞாபகம் இருக்கா?"

"ஓம்."

"தெருவுல எல்லாரோட தார்ப்பாயும் பறந்துச்சு. உங்க கடை முன்னாடி தண்ணிப் பந்தல் மட்டும் அப்படியே நின்னுது. அதைக் கட்டினது யாரு?"

"நான்தான்."

"அப்படின்னா உனக்குக் கூடாரம் பத்தித் தெரியும்."

"மூண்டு வருசம் கூடாரத்திலை இருந்தனான்."

"என்ன, லீவுக்கா, வகான்சுக்கா?"

"இல்லை."

அவர் என்னைப் பார்த்தார். போனை எடுத்து ஒரு படம் காட்டினார். சின்ன வெள்ளை விமானம். பக்கத்தில் தொப்பியோடு அவர். இறக்கை அவர் இடுப்பளவுதான் இருந்தது.

"இது உங்கடையோ?"

"க்ளப்போடது. சாவி எங்கிட்ட இருக்கு. நான்தான் ஓட்டுறேன், இருபத்திரண்டு வருஷமா."

எனக்குச் சிரிப்பு வந்தது. முருங்கைக்காயை முறுக்குகிறவர் விமானம் ஓட்டுவார் என்று யார் நினைப்பார்கள்?

அவர் சொன்னார். ஒவ்வொரு ஜூன் மாதமும் லுவார் ஆற்றுக்கு அப்பால் ஒரு புல் மைதானத்தில் சின்ன விமானக்காரர்கள் கூடுவார்களாம். சனிக்கிழமை வந்து இறங்கி, அவரவர் விமானத்துக்குப் பக்கத்தில் கூடாரம் போட்டுப் படுத்து, ஞாயிற்றுக்கிழமை பறந்து போவார்களாம். போன தடவை அவர் கூடாரம் மழையில் குலைந்து விழுந்துவிட்டது. விடியும்வரை விமான இருக்கையில் ஈர உடுப்போடு குந்தியிருந்தார். வீட்டுக்கு வந்து பத்து நாள் காய்ச்சல்.

பின்னால் வெண்டிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்த அவர் மனைவி அப்படியே வந்துவிட்டார்.

"தம்பி, மீதியையும் சொல்லச் சொல்லுங்க. இந்த வருஷம் நனைஞ்சு வந்தாருன்னா சாவியைக் க்ளப்புல திருப்பிக் குடுத்துடுவாரு. சத்தியம் பண்ணியிருக்காரு."

"சத்தியம் பண்ணல. தலையாட்டினேன்."

"தலையாட்டினா சத்தியம்தான். கோயில்ல தலையாட்டித்தான என்னைக் கட்டிக்கிட்டீங்க?"

"அது அப்ப. பயத்துல ஆட்டினது."

"இப்ப மட்டும்?"

அவர் சிரித்தார், ஆனால் முகம் சிரிக்கவில்லை. கை சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தது. சாவி அங்கேதான் இருந்தது போல.

வழமையாக அவரோடு போகிறவருக்கு முழங்காலில் ஆப்பரேஷன். ஆகவே ஓர் இருக்கை காலி. கூடாரத்தை நான் தேடவேண்டும், நானும் கூடப் போகவேண்டும். இதுதான் அவர் கேட்டது.

"விமானம் வைச்சிருக்கிற ஆள் ஏன் அண்ணை புல்லிலை படுக்கிறியள்?"

"ஓட்டல்ல படுத்தா மிஷின் எப்படி இருக்குன்னு தெரியாதேப்பா."

எனக்கு அந்தப் பதில் போதவில்லை. அதைப் பார்க்கத்தான் ஓம் என்றேன்.

*

அடுத்த ஞாயிறு நான் இருக்கும் ஸ்தேனில் தெருச் சந்தை. வீட்டில் கிடக்கும் பழைய சாமான்களைச் சனங்கள் பரப்பி விற்பார்கள். அங்கே ஒரு கன்வஸ் கூடாரம் கண்டேன். தடித்த சீலை. இரும்புக் கால். விரலால் சுண்டினால் மேளம் மாதிரிச் சத்தம் வந்தது. இது புயலுக்கும் நிற்கும். வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு வந்தேன்.

சனிக்கிழமை அவர் வந்தார். கூடாரத்தைக் கையால் தூக்கினார், வைத்தார்.

"நிறுத்துப் பாரு."

வெங்காய மூட்டை நிறுக்கும் பெரிய தராசில் வைத்தேன். பதினாலு கிலோ.

"இப்ப நீ ஏறு."

"நானோ?"

"ஏறுப்பா."

ஏறினேன். கடையில் நின்ற சனம் பார்த்தது. எண்பத்து மூன்று.

"நான் எழுபத்தொண்ணு," என்றார். "பெட்ரோல் இவ்வளவு. மிஷின் தூக்குறது இவ்வளவுதான். சாமானுக்கு மிஞ்சுறது இருபது கிலோ. அதுல போர்வை, உடுப்பு, சாப்பாடு, மிஷினைக் கட்டி வைக்கிற கயிறு, ஆணி எல்லாம் வரணும். கூடாரத்துக்கு நாலு கிலோ. அதுக்கு மேல ஒரு கிராம்கூடக் கிடையாது."

"நான் பத்துக் கிலோ குறைஞ்சால்?"

மனைவி சிரித்தார். "மூணு வாரத்துலயா? வெண்டிக்காய் மட்டும் தின்னு பாரு தம்பி."

மூட்டையும் மனிதனும் ஒரே தராசில் ஏறுவது எனக்குப் புதிது. எடையோடு பிழைக்கிறவன் நான். ஆனால் எடை குறைந்தால் நல்லது என்ற வியாபாரத்தை அன்றுதான் கண்டேன்.

அவர் இன்னும் சில விஷயம் சொன்னார். பக்கத்து விமானம் எஞ்சினைப் போட்டால் பின்பக்கம் காற்று அடிக்கும், அதனால் கூடாரம் உயரமாக இருக்கக்கூடாது. உருண்டு வருகிற விமானக்காரனுக்குத் தூரத்திலேயே தெரியவேண்டும், அதனால் புல் நிறத்தில் இருக்கக்கூடாது. சாமான் வைக்கும் பொந்து சின்னது, அதனால் நீளமாகவோ அகலமாகவோ மடியக்கூடாது. எல்லாவற்றுக்கும் மேலே, நனையக்கூடாது.

கன்வஸ் கூடாரம் இப்போதும் களஞ்சியத்தில் கிடக்கிறது. உருளைக்கிழங்குக்குப் போர்த்துகிறோம்.

*

விளையாட்டுச் சாமான் விற்கும் பெரிய கடைக்குப் போனேன். ஒரு மாடி முழுக்கக் கூடாரம். விரித்து வைத்திருந்தார்கள். உள்ளே போய்ப் படுத்துப் பார்க்கலாம், யாரும் ஒன்றும் சொல்வதில்லை. ஒவ்வொன்றாகப் படுத்தேன். இரண்டு பேருக்கானது என்று எழுதியிருந்தால் ஒன்றரைப் பேருக்கானது.

விலைத் துண்டில் ஓர் எண் இருந்தது. இரண்டாயிரம், மூவாயிரம், பக்கத்தில் மில்லிமீற்றர். இது என்ன என்று விற்கிற பெண்ணிடம் கேட்டேன். சீலையின் மேல் ஒரு குழாயை நட்டுத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே போனால் எந்த உயரத்தில் தண்ணீர் ஊறி மறுபக்கம் வருகிறதோ அந்த உயரம் என்றாள். மூவாயிரம் என்றால் மூன்று மீற்றர்.

கையில் பிடித்துப் பார்த்தேன். வெங்காயச் சருகு மாதிரி இருந்தது. இதன் தலையில் மூன்று மீற்றர் தண்ணீர் நிற்குமா?

வீட்டுக்கு வந்து என்னுடைய மழை ஜாக்கெட்டை எடுத்தேன். ஒரு கையின் நுனியைக் கயிற்றால் இறுக்கிக் கட்டி, தண்ணீர் நிரப்பி, குளியலறையில் தொங்கவிட்டேன். கீழே வாளி வைத்தேன். என் மனைவி வந்து பார்த்தாள்.

"என்ன, சட்டைக்குத் தண்ணி பருக்கிறியளோ?"

"ஊறுதோ எண்டு பாக்கிறன்."

"உங்கடை மூளைதான் ஊறிப்போச்சு," என்றுவிட்டுப் போனாள்.

சீலை வியர்க்கவே இல்லை. தையலில்தான் துளி துளியாக வந்தது. அன்றைக்கு அதைப் படித்தேன். சீலையைப் பார்க்காதே, தையலைப் பார்.

லா சப்பல் மெத்ரோ பாலத்துக்குக் கீழே அப்போது ஏழெட்டுக் கூடாரம் இருந்தது. மேலே ரயில் ஓடும், கீழே சனம் படுத்திருக்கும். வேலைக்குப் போகும்போது தினமும் பார்ப்பேன். அந்தக் கிழமை வேறு மாதிரிப் பார்த்தேன். எது குலைந்திருக்கிறது, எது நிற்கிறது. பாலத்துக்கு வெளியே, மழை படும் இடத்தில், ஒன்று நன்றாக நின்றது. அதன் வாசலில் ஒரு சூடான்காரர் பல் விளக்கிக்கொண்டிருந்தார். அவருக்கும் பிரெஞ்சு மட்டுமட்டு, எனக்கும் மட்டுமட்டு.

"மழை உள்ளே வருகிறதா?" என்று கேட்டேன்.

அவர் வாயைக் கொப்பளித்தார். வானத்தைக் காட்டிக் கையை ஆட்டினார், இல்லை என்று. பிறகு தரையைக் காட்டினார். அங்கேயிருந்துதான் வருகிறது என்றார். கூடாரத்தின் ஒரு மூலையைத் தூக்கிக் காட்டினார். அடியில் இரண்டு மரத்தட்டு, சாமான் இறக்கும் வண்டியில் வருவது. அதற்கு மேல் அட்டை. அதற்கு மேல் கூடாரம்.

"இரண்டு சீலை உள்ளதா வாங்கு," என்றார். "ஒற்றைச் சீலை உன் மூச்சிலேயே நனையும்."

பிறகு, "உனக்கா?" என்று கேட்டார். என் காலில் கிடந்த சப்பாத்தைப் பார்த்தார்.

"இல்லை. விமானத்துக்குப் பக்கத்தில் போட."

அவர் சிரித்த சிரிப்பில் பக்கத்துக் கூடாரத்துக்காரர் எழும்பிவிட்டார்.

எங்கள் கடையில் மரத்தட்டு நிறைய. அடுத்த நாள் இன்னும் இரண்டு கொண்டுபோய்க் கொடுத்தேன். ஒரு கிழமை கழித்துப் பார்த்தால் கூடாரம் ஒன்றும் இல்லை. பொலிஸ் வந்து எழுப்பியிருந்தது. நாலு தட்டும் சுவரோரம் அடுக்கிக் கிடந்தது.

*

கடைசியில் எடுத்தது செம்மஞ்சள் நிறக் கூடாரம். இரண்டு சீலை. வெளிச் சீலை நிலம்வரை வரும். தையலுக்கு உட்பக்கம் நாடா ஒட்டியிருந்தது. கால் அலுமினியம். பெண்ணிடம் ஒரு கேள்வி கேட்டேன்.

"மழையில் போடும்போது எந்தச் சீலை முதலில்?"

பல கூடாரத்தில் உள்சீலை முதலில் வருமாம், வெளிச்சீலை பிறகு. அப்படியென்றால் மழையில் போட்டு முடிக்கும் முன்னே உள்ளே குளம். இதில் இரண்டும் சேர்ந்தே எழும்பும். அதனால்தான் இதை எடுத்தேன். தன்னிடம் இதுவரை யாரும் அப்படிக் கேட்டதில்லை என்றாள்.

துண்டில் மூன்று கிலோ நூறு என்று இருந்தது. என் தராசு மூன்று நானூறு சொன்னது. ஆணியையும் பையையும் அவர்கள் நிறுக்கவில்லை. வியாபாரம் எல்லா இடமும் ஒன்றுதான்.

மழை வரும் என்று காத்திருக்க நேரமில்லை. களஞ்சிய முற்றத்தில் கூடாரத்தை விரித்தேன். அடியில் ஒரு பிளாஸ்டிக் தாள் போட்டேன். சிமெந்துத் தரையில் ஆணி இறங்காது, நாலு பக்கமும் பூசணிக்காய் வைத்துக் கட்டினேன். பாண்டிச்சேரிக்காரர் உள்ளே போய், தரை முழுக்கப் பழைய பேப்பரைப் பரப்பி, அதன் நடுவில் குந்தினார். எங்கே ஒழுகினாலும் பேப்பர் காட்டிக்கொடுக்கும் என்பது அவர் யோசனை. நான் மரக்கறி கழுவும் குழாயைத் திறந்தேன்.

என்னோடு மூட்டை இறக்கும் பொடியங்கள் வேலையை விட்டு வந்து நின்றார்கள்.

"அண்ணை, பெரியவரை ஏன் கூட்டுக்குள்ளை வைச்சுக் குளிப்பாட்டுறியள்?"

"வெளியிலை விட்டால் ஓடிப்போவாரோ?"

உள்ளேயிருந்து குரல் வந்தது. "டேய், நான் பேப்பர் படிக்கிறேன். சத்தம் போடாதீங்க."

"என்ன செய்தி, ஐயா?"

"உங்க பத்ரோன் வராருன்னு போட்டிருக்கு."

பொடியங்கள் முதலாளி வந்துவிட்டாரோ என்று ஒருதரம் வாசலைத் திரும்பிப் பார்த்தார்கள்.

கால் மணி நேரம் அடித்தேன். மேலே ஒன்றுமில்லை. தையலில் ஒன்றுமில்லை. பிறகு அவர், "தம்பி, கால்மாட்டுல பேப்பர் கறுத்துருக்கு," என்றார். சுற்றிவந்து பார்த்தேன். என் பிழைதான். அடியில் போட்ட பிளாஸ்டிக் தாள் ஒரு சாண் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. பெரிதாகப் போட்டால் பாதுகாப்பு என்று நினைத்தேன். கூடாரத்தில் வடிந்த தண்ணீரை அது ஏந்தி அடிக்குக் கொண்டுபோய்விட்டது. கோவா வெட்டும் கத்தியால் சுற்றிவர வெட்டி, கூடாரத்தைவிட இரண்டு விரல் சின்னதாக்கினேன். மறுபடி அடித்தேன். பேப்பர் காய்ந்தபடியே இருந்தது.

அவர் வெளியே வந்தார். கையை நீட்டி என் கையைக் குலுக்கினார். அதற்கு முன் அவர் என் கையைப் பிடித்ததில்லை. மிச்சக் காசு வாங்கும்போது விரல் பட்டிருக்கும், அவ்வளவுதான்.

*

ஜூன் மாதம், சனிக்கிழமை காலை, பாரிசுக்கு வடக்கே உள்ள சின்ன மைதானத்தில் ஏறினோம். இறக்கையில் கறுப்புப் பட்டை உள்ள இடத்தில் மட்டும் கால் வைக்கவேண்டும். மற்ற இடம் சீலை. தட்டிப் பார்த்தேன். மரச்சட்டத்தில் இழுத்து ஒட்டிய சீலை.

"இதுவும் கூடாரம்தான் அண்ணை."

"சும்மா ஏறுப்பா."

நான் முன்பு விமானத்தில் வந்தது ஒரே ஒரு தடவை, இந்த நாட்டுக்கு. அன்றைக்கு வெளியே பார்க்கிற நிலையில் இல்லை. இப்போது கழுத்து நோகப் பார்த்தேன். பாரிசுக்கு மேலே போக விடமாட்டார்களாம். சுற்றித்தான் போகவேண்டும். வயல்கள் பாய் விரித்த மாதிரி. ரோட்டில் கார் நிற்பது போல் இருந்தது. இரண்டு மணி நேரம் அவர் ஒரு பகிடியும் விடவில்லை. கடையில் பார்த்த ஆள் இல்லை. முறுக்கிப் பார்க்கும் விரல் இப்போது ஒவ்வொரு கருவியின் முள்ளையும் மெதுவாகத் தட்டிப் பார்த்தது.

புல்லில் இறங்கினோம். ஐம்பது அறுபது விமானம் வரிசையாக நின்றது. மஞ்சள் மேற்சட்டை போட்ட ஒரு வயதான பிரெஞ்சுப் பெண் கையைக் காட்டி எங்கள் இடத்தில் நிறுத்தினாள். அவர் விமானத்தைக் கயிற்றால் நிலத்தில் கட்டினார். நான் கூடாரத்தை இறக்கைக்குப் பின்னால் போட்டேன். ஐந்து நிமிடம் ஆகவில்லை. அவர் பெயர் பதியவும் கோப்பி வாங்கவும் போனார். போகும்போது மேற்கே பார்த்தார். கறுத்துக்கொண்டு வந்தது.

நான் இடத்தைச் சுற்றி நடந்தேன். காலின் கீழே புல் மெதுமெதுவென்று இருந்தது. குனிந்து பார்த்தேன். புல்லுக்கு நடுவே கோரை முளைத்திருந்தது. கோரை முளைத்தால் தண்ணீர் நிற்கிற இடம். சூடான்காரர் தரையைக் காட்டியது நினைவு வந்தது. இங்கே மரத்தட்டு இல்லை.

அதன் பிறகு நான் யோசிக்கவில்லை. சாப்பாட்டுக்குக் கொண்டுவந்த சில்வர் கோப்பையை எடுத்தேன். முழங்காலில் இருந்து, கூடாரத்தைச் சுற்றி வாய்க்கால் வெட்டத் தொடங்கினேன். ஒரு சாண் அகலம், அரைச் சாண் ஆழம். புல்லைத் தனியாக, மண்ணைத் தனியாக. மழைக்கு முன் கூடாரத்தைச் சுற்றி வெட்டவேண்டும். முகாமில் மூன்று வருடம் அப்படித்தான். கை தானாக வெட்டியது. கூடாரத்தைச் சுற்றி முடித்து, தண்ணீர் வெளியே போக வழி, விமானம் உருளும் முன் சில்லுப் பக்கமாக எடுத்துக்கொண்டிருந்தேன்.

விசில் கேட்டது. மஞ்சள் சட்டைப் பெண் ஓடி வந்தாள். அந்த வயதில் அப்படி ஓடுவாள் என்று நினைக்கவில்லை. வாய்க்காலைப் பார்த்தாள், சில்லைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். என்ன செய்கிறாய், உனக்குப் பைத்தியமா என்று கத்தினாள். முன் சில்லு ஒரு தேங்காயளவுதான். இதில் விழுந்தால் விமானம் மூக்குக் குத்தும், சுழலும் விசிறி மண்ணில் அடிக்கும், எஞ்சின் போய்விடும், பக்கத்தில் ஆள் நின்றால் ஆளும் போய்விடும். இந்த மைதானத்தில் யாரும் ஆணிக்கு மேலே எதுவும் குத்தக்கூடாது. இந்த விமானம் யாருடையது? உடனே கட்டவிழ்த்துக்கொண்டு போகட்டும்.

பாண்டிச்சேரிக்காரர் இரண்டு கோப்பியோடு வந்து நின்றார். முகம் வெளுத்துவிட்டது.

"ஏம்ப்பா? எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?"

"தண்ணி நிக்கிற இடம் அண்ணை."

"அதை வாயால சொல்லக்கூடாதா?"

நாங்கள் இருந்த இடத்தில் யாரிடம் போய்ச் சொல்வது? வெட்டுவோம், அவ்வளவுதான். அவரிடம் அதை விளக்க எனக்குத் தெரியவில்லை. குனிந்து மண்ணைத் திரும்பப் போட்டேன். புல்லை அதனதன் இடத்தில் வைத்துக் காலால் மிதித்தேன். அவர் அந்தப் பெண்ணோடு பிரெஞ்சில் மெதுவாகக் கதைத்தார். எனக்குப் பாதி விளங்கியது. இருபத்திரண்டு வருடம் என்றார். இதுதான் கடைசி என்ற மாதிரியும் ஏதோ சொன்னார். மனைவியைப் பற்றியும் சொல்லியிருப்பார், அவள் முகம் கொஞ்சம் இளகியது.

நான் மிதித்து முடித்து எழும்பினேன். அவள் என்னிடம் வந்து, "ஏன் தோண்டினாய்?" என்று கேட்டாள். இப்போது கத்தவில்லை.

கோரை ஒன்றைப் பிடுங்கிக் காட்டினேன். அது முளைத்துப் போகிற வழியைக் கையால் காட்டினேன், எங்கள் விமானத்தில் தொடங்கி அடுத்த இரண்டு விமானம்வரை. அவள் கோரையை வாங்கிப் பார்த்தாள். சப்பாத்தால் நிலத்தை அமத்தினாள். ஈரம் மேலே வந்தது.

"கண்டால் வாயால் சொல்," என்றாள். "கையால் தோண்டாதே."

கையிலிருந்த வானொலியில் யாரோடோ பேசினாள். மேட்டுப்பக்க வரிசையில் ஓர் இடம் காலி. அங்கே போகலாம்.

முதல் துளி விழுந்தது.

"அண்ணை, நீங்கள் உள்ளை ஏறுங்கோ."

"நானும் தள்ளுறேன்."

"நனையக்கூடாது. ஏறுங்கோ."

ஏறிக் கண்ணாடியை மூடிக்கொண்டார். நானும் பக்கத்து விமானக்காரர் இருவரும் அந்தப் பெண்ணும் தள்ளினோம். பாரமே இல்லை. அவர் உள்ளே நேராக இருந்து காலால் திசை திருப்பினார், ஊர்வலத்தில் மாப்பிள்ளை போகிற மாதிரி. மழை வலுத்தது. மேட்டில் நிறுத்தி, கட்டி, நான் போய்க் கூடாரத்தைத் தூக்கி வந்தேன். இரண்டு சீலையும் சேர்ந்தே எழும்பியது. தாளை இரண்டு விரல் உள்ளே விட்டுப் போட்டேன். என் உடுப்புக்குள்ளே தண்ணீர் ஓடியது. அவர் கதவைத் திறக்க, அந்தப் பெண் குடை பிடித்தாள். மூன்றே எட்டுத்தான் வைத்தார். உள்ளே போய்விட்டார். கால்விரல்கூட நனையவில்லை.

அவர் உள்ளே பேப்பரைப் பரப்பினார். நான் வாசலில் உடுப்பு மாற்றிக்கொண்டு பிறகு போனேன். தலைமாடு கால்மாடாகப் படுத்தோம். மழை சீலையில் விழுந்தது. எனக்குப் பழக்கமான சத்தம். கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு சத்தம் கேட்டது. இறக்கையில் மழை விழும் சத்தம். அது கொஞ்சம் தடித்தது, முழங்கியது.

"கேக்குதா?" என்றார்.

"ஓம்."

"இதுக்குத்தான் புல்லுல படுக்குறது."

இரண்டு சத்தத்தையும் பிரித்துப் பார்த்துக்கொண்டு கிடந்தேன்.

காலையில் பேப்பரைப் பார்த்தார். என் பக்கம் ஒரு மூலை கறுத்திருந்தது, அது என் தலைமயிரில் இருந்து வடிந்தது. மற்றதெல்லாம் காய்ந்திருந்தது. மடித்துப் பையில் வைத்தார். நான் பழைய இடத்துக்குப் போனேன். கணுக்கால் அளவு தண்ணீர் நின்றது. நான் திரும்ப வைத்த புல் மிதக்கவில்லை. இன்னொருதரம் மிதித்துவிட்டு வந்தேன்.

*

திங்கட்கிழமை கூடாரத்தைக் கடையின் நிலவறையில் வெங்காய மூட்டைகளுக்கு நடுவே தொங்கவிட்டேன். வெளிச்சீலை இன்னும் ஈரம். மத்தியானம் அவரும் மனைவியும் வந்தார்கள். திங்கட்கிழமை அவர்கள் வந்ததே இல்லை.

மனைவி படியிறங்கி வந்தார். வெளிச்சீலையைத் தடவினார். கையைப் பார்த்தார், ஈரம். பிறகு வாசல் சிப்பைத் திறந்து கையை உள்ளே விட்டு, தரையில் மூலை மூலையாகத் தடவினார். பாண்டிச்சேரிக்காரர் படியில் நின்றார். ஒரு கையில் மடித்த பேப்பர். மறு கையில் சாவி, நீட்டியபடி.

எனக்குத் தும்மல் வந்தது. இரண்டாம் தரம் வந்தது.

"இவர் காஞ்சு வந்தாரு," என்றார் மனைவி. "உனக்கு எப்படித் தம்பி சளி புடிச்சுது?"

"நனையக்கூடாது எண்ட பேச்சிலை நான் இல்லைத்தானே, அக்கா."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு மனைவி தலையைக் கூடாரத்துக்குள்ளே விட்டுப் பார்த்தார்.

"இதுக்குள்ள ரெண்டு ஆம்பளைங்க எப்படிப் படுத்தீங்க?"

"இவன் கால் என் மூஞ்சியில," என்றார் அவர்.

மனைவி சிப்பை மூடினார். கையை முந்தானையில் துடைத்தார். படியேறும்போது சாவி நீட்டிய கையைத் தள்ளிவிட்டார்.

"சாவியை உள்ள வைங்க. கீழ போட்டுடப் போறீங்க."

அவர் சட்டைப் பையில் வைத்தார். மேலே வந்து முருங்கைக்காய்ப் பெட்டியடிக்குப் போனார். ஒவ்வொன்றாக எடுத்து முறுக்கிப் பார்த்தார். அன்று நிறைய நேரம் எடுத்தார். நான் காத்திருந்து நிறுத்தேன்.